முதலில் எழுகிறவள்

புது டிஸ்க்கில் சுழல்கிற பாகம் எதுவும் கிடையாது, அதனால் சத்தமே வராது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். பிஸ்கட் அளவுக்கு ஒரு தகடு. கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டி, புதிதாக ஓ.எஸ். ஏற்றி, முதல் முறையாக அது எழுந்து வரட்டும் என்று சித்தி காத்திருந்தபோது, திரையில் வெளிச்சம் வருவதற்கு முன்னால், மேஜைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற மாதிரிச் சத்தம். அதற்குப் பிறகுதான் திரை வெளுத்தது.

பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டே முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்த குட்டி, அந்த இடைவெளியில் பாட்டை நிறுத்தியிருந்தாள். திரை வந்ததும், விட்ட வார்த்தையிலிருந்தே பாட்டு தொடர்ந்தது. சித்திக்கு அது கேட்டது. ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளைச் சித்தி என்று கூப்பிடுகிறவள் உலகத்திலேயே அந்தக் குட்டி ஒருத்திதான். அவள் கூப்பிடுகிறபடியே நாமும் கூப்பிடலாம். குட்டியின் அப்பா கப்பலில் என்ஜின் பார்க்கிறவர். கல்யாணம் முடிந்த சூட்டோடு சூடாக வீட்டுச் சாவியையும் மகளையும் புது மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலேறியவர். நடுக்கடலில் இருக்கும்போது ஃபோனுக்கு அகப்பட மாட்டார். அவருடைய முதல் மனைவியைச் சித்தி பார்த்ததே இல்லை. ஆனாலும் அக்கா என்றுதான் சொல்வாள், மனதுக்குள்கூட. இரவு படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. அக்காவைப் பற்றி அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். பக்கத்தில் படுத்திருந்த குட்டி மட்டும் எழுந்து, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்திருந்தாளாம்.

சித்தியின் தொழில் ஆல்பம். ஸ்டுடியோக்காரர் எடுத்து அனுப்பும் படங்களை வீட்டிலிருந்தே திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பாள். மூடிய கண்ணைத் திறந்துவைப்பதில் அவள் கைகாரி என்று பேர். குடும்பமாக நிற்கும் படத்தில் யாராவது ஒருத்தர் சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடித் தொலைத்திருப்பார். வேறொரு படத்திலிருந்து அவருடைய திறந்த கண்களை வெட்டியெடுத்து, வெளிச்சம் பார்த்து, சாய்வு பார்த்து ஒட்டிவிடுவாள். ஒட்டியது என்று பெற்றவளுக்கே தெரியாது. ஹாலில் மாட்டியிருந்த அக்காவின் படமும் அப்படிச் செய்ததுதான். இருந்ததில் நல்ல படத்தில் அக்காவின் கண்கள் பாதி மூடியிருந்தன. இன்னொரு படத்தின் கண்களைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, ஒரு நாள் பூராவும் பார்த்துப் பார்த்து ஒட்டினாள் சித்தி. இடது கண்ணின் வெள்ளையில் கடுகளவு ஒரு கரும்புள்ளி இருந்தது. அழித்துவிடலாமா என்று யோசித்தாள். அது அவளுடைய அடையாளமாயிற்றே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

எல்லா வீட்டுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. இந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர். விடியும் நேரத்தில் அது தானாகவே எழுந்துகொள்ளும். அக்கா அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் அது எழுந்திருக்க வேண்டும் என்று செய்துவைத்த ஏற்பாடு. அவள் போன பிறகும் யாரும் மாற்றவில்லை. குட்டி தூங்கிய பிறகுதான் அதை அணைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். கரண்ட் போனால் பிள்ளை சோர்ந்துபோகிறாள் என்று, ஒரு ஆள் தூக்க முடியாத கனத்தில் யூ.பி.எஸ். வேறு. பிள்ளை சோர்வதற்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று வந்த புதிதில் சித்தி சிரித்தாள். கப்பல்காரர் சிரிக்கவில்லை.

எல்லாம் பழகிவிட்டது, காலை நேரத்தைத் தவிர. இந்தக் குட்டியை எழுப்ப வேண்டிய வேலையே கிடையாது. சித்தி எவ்வளவு சீக்கிரம் கண் விழித்தாலும் பக்கத்தில் போர்வை மட்டும்தான் கிடக்கும். குட்டி கம்ப்யூட்டர் அறையில், பெட்டியின் தகட்டில் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்திருப்பாள். "சூடா இருக்கு சித்தி" என்பாள். திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள். கன்னத்தைத் தட்டி, கெஞ்சி, மிரட்டி, போர்வையைப் பிடுங்கி, தூக்கம் கலையாத முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல் விளக்க வைப்பது என்று, பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் அலுத்துக்கொள்கிற அந்த வேலை சித்திக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. ஒரே ஒரு காலையாவது, கண் திறந்ததும் குட்டி பார்க்கிற முதல் முகம் தன்னுடையதாக இருக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அதுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பழைய டிஸ்க் கொஞ்ச நாளாகவே இழுத்துக்கொண்டு கிடந்தது. பாதி முடித்த ஆல்பம் ஒன்றை விழுங்கிய பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வாயின் ஓரத்தில் எப்போதும் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டிருப்பதால் அவருக்கு ஸ்குரு அண்ணன் என்று பேர். அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள முள்ளு உரசுதும்மா. ரொம்ப நாள் தாங்காது. புதுசு வாங்கி மாட்டிக்கோ."

கப்பல்காரரிடம் சொன்னபோது, துறைமுக இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "எத வேணா மாத்திக்கோ. பழச மட்டும் கழட்டாம வெச்சிரு."

"எதுக்குங்க? அதான் சாகப்போகுதே."

"இருக்கட்டும். கழட்டாத."

ஓகோ என்று நினைத்துக்கொண்டாள் சித்தி. அக்காவின் படங்கள், அக்காவின் குரல், அக்காவின் மளிகைப் பட்டியல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மனுஷன் கடலில் இருந்தாலும் மனசு டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்ன சொல்லை மீறவில்லை. பழையதை அதன் இடத்திலேயே விட்டு, பக்கத்தில் புதியதை மாட்டி, பென் டிரைவிலிருந்து ஓ.எஸ். ஏற்றினாள். கம்ப்யூட்டர் நடுநடுவே அணைந்து அணைந்து எழுந்தது. அப்போதுதான் பக்கத்து அறையில் பாட்டும் நின்று நின்று வந்தது.

எல்லாம் முடிந்தும் அந்த டிக் சத்தம் போகவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. பெட்டியின் பின்புறமிருந்து வந்த வெதுவெதுப்பான காற்றில் எரிந்த தூசியின் வாசத்தோடு வேறொரு வாசமும் இருந்தது: ஈரத் தலைமுடி காய்கிற வாசம். சித்தி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் அன்று தலைக்குக் குளிக்கவில்லை. டிக் என்றது பெட்டி. இனி இந்தப் பழையதை எதற்கு வைத்திருப்பது, சாகிற டிஸ்க் புதியதையும் கெடுத்துவிடும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். காரணம் அது இல்லை என்று அவளுக்கே தெரியும்.

கம்ப்யூட்டரை அணைத்தாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். விசிறியின் அச்சில் ஒரு முடி சுற்றிக்கிடந்தது. நீள முடி, நேர் முடி. சித்தியின் முடி சுருட்டை. நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு முழத்துக்கு மேல். அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பழைய டிஸ்க்கின் மின்சார வயரைப் பிடுங்கினாள். இறுகிப்போயிருந்தது. பலமாக இழுத்ததில் பிளக்கைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் படக்கென்று உடைந்து எங்கோ தெறித்தது. போகட்டும், இனிமேல் யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது. டிக் இல்லை. திரை கருப்பாகவே இருந்தது. பிறகு ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து: எழுப்புவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று.

அணைத்துப் போட்டாள். அதே வரி. வயரை மாற்றிச் சொருகினாள். அதே வரி. புது டிஸ்க் இருக்கிறது, அதில் ஓ.எஸ். இருக்கிறது, அவளே கண்ணால் பார்த்தாள். திரை மட்டும் எதுவும் இல்லை என்று சாதித்தது. நாளைக்குள் ஸ்டுடியோக்காரருக்கு ஆல்பம் போக வேண்டும். வியர்த்தது. அப்போதுதான் பக்கத்து அறையில் பாட்டுச் சத்தமே இல்லை என்று தோன்றியது.

குட்டி வரைந்த படத்தின் மேலேயே கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். கையில் கிரேயான் அப்படியே இருந்தது. ஒரு வட்டத்தை முக்கால்வாசி போட்டு, மிச்சத்தை முடிக்காமல் தூங்கியிருந்தாள். அசந்துவிட்டாள் என்று தூக்கிக்கொண்டாள் சித்தி. பிள்ளை வழக்கத்தைவிடக் கனத்தாள். தலை பின்னால் தொங்கியது. படுக்கையில் கிடத்தி, போர்த்திவிட்டு, சாப்பிடாமல் தூங்குகிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்து ஸ்குரு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"புதுசுல ஏத்தும்போது பழசக் கழட்டி வெச்சியாம்மா?"

"இல்லண்ணா. அவர் கழட்டாதன்னாரு."

அவர் திருகாணியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுவது ஃபோனில் கேட்டது. "அங்கதான் தப்பு. ரெண்டும் மாட்டியிருந்தா, எழுப்பிவிடுற ஃபைல் பழசுலதான் போய் உக்காரும். அதுக்குன்னு இடம் ஏற்கனவே அங்கதான இருக்கு. உன் புது டிஸ்க்குல எல்லாமே இருக்கும்மா. தானா எழுந்திரிக்க மட்டும் தெரியாது. பழசு எழுப்பிவிட்டாத்தான் எழுந்திரிக்கும்."

"அது இல்லாம எழுந்திரிக்க வைக்க முடியாதா?"

"முடியும். பழசு வெளியவே இருக்கட்டும். பென் டிரைவப் போடு, நான் சொல்றத அப்படியே அடி."

அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். புது டிஸ்க்கின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அங்கே எழுப்பும் ஃபைல்களைப் புதிதாக எழுத வேண்டும். முதல் முறை, எழுத முடியவில்லை என்றது. மறுபடியும் அடித்தாள். முடியவில்லை. ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தினாள். முடியவில்லை. மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. "எழுந்திரு, எழுந்திரு சனியனே" என்று பல்லைக் கடித்தாள். அவர் மறுமுனையில் பொறுமையாக, முதலிலிருந்து அடி என்றார். முதலிலிருந்து அடித்தாள். கடைசியில் திரை ஒரு கணம் யோசித்து, எழுதியாயிற்று என்றது.

கம்ப்யூட்டர் எழுந்தது. சத்தமே இல்லாமல், சொடுக்குப் போடுவதற்குள், யாருடைய தயவும் இல்லாமல்.

சித்திக்கு அழுகை வந்தது. "வந்துடுச்சுண்ணா. அப்ப இந்தப் பழசத் தூக்கிப் போட்டுடலாமா?"

"அவசரப்படாத, வெச்சிரு. எப்பவாவது எதாவது எடுக்கணும்னா இன்னும் ஒரு தடவ எழுந்திரிக்கும்னு நினைக்கிறேன். ஆனா அந்தத் தடவ ஓட ஆரம்பிச்சா நிறுத்திடாத. நின்னா நின்னதுதான்."

பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, காலி பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் தள்ளினாள். கம்ப்யூட்டரை அணைத்து, அந்த அறையின் கதவைச் சாத்தினாள். பிறகு குட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். மனசு அப்படி லேசாக இருந்தது. குட்டியின் வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே நீண்டு, உள்ளங்கை சுவரில் பதிந்திருந்தது. குளிருமே என்று எடுத்து உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கை மறுபடியும் சுவரில் இருந்தது.

விடியும் நேரத்தில் பக்கத்து அறையில் விசிறி சுற்ற ஆரம்பித்தது. சித்தி ஏற்கனவே விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். விசிறி மட்டும். டிக் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். குட்டி இருந்தாள். போர்வைக்குள், பக்கத்திலேயே, தூங்கிக்கொண்டு.

வந்த நாளிலிருந்து அந்தத் தூங்குகிற முகத்தைக் காலை வெளிச்சத்தில் அவள் பார்த்ததில்லை. நெற்றியில் ஒட்டிய முடி, லேசாகத் திறந்த வாய், கன்னத்தில் நேற்றைய கிரேயான் கறை. முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆசை தீரப் பார்த்தாள். எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. கன்னத்தை மெதுவாகத் தட்டினாள்.

"குட்டி. எழுந்திரும்மா. விடிஞ்சிடுச்சு பாரு."

ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டாள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான்.

"எழுந்திரிக்கிறியா, இல்ல சித்தி போர்வையப் பிடுங்கட்டுமா?"

பிடுங்கினாள். காலில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். கால் விரல்கள் அசையவில்லை. அக்குளில் கையை விட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை உலுக்கிய பக்கமெல்லாம் போய்வந்தது. "குட்டி, விளையாடாத" என்றாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தூக்கி உட்காரவைத்தாள். சரிந்தாள். மூக்கில் விரலை வைத்தாள். மூச்சு இருந்தது, நூல் மாதிரி. உடம்பில் காய்ச்சல் இல்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்தாள். தண்ணீர் கண்ணிமைகளில் நின்று, ஓரமாக வழிந்து, காதுக்குள் போனது. இமை துடிக்கவில்லை. கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாள். எத்தனையோ பேருடைய மூடிய கண்களைத் திறந்துவைத்தவள். உள்ளே கண் இருந்தது. பார்வை இல்லை. விரலை எடுத்ததும் இமை தன்பாட்டில் விழுந்தது.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள். முகவரி சொல்வதற்குள் நாக்கு குழறியது.

"ரோட்டுல தண்ணி நிக்குதும்மா, சுத்திக்கிட்டுத்தான் வரணும்" என்றது மறுமுனை. "பாப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாசக் கதவத் திறந்து வைங்க."

திரும்பிவந்தாள். குட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வலது கை நழுவி விழுந்தது. விழுந்த கை, மெல்ல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுவரை நோக்கி நகர்ந்தது. உள்ளங்கை சுவரில் பதிந்தது. எதையோ தேடித் தடவியது. சூடு இல்லாததால் நின்றது.



நின்று நின்று வந்த பாட்டு. முடிக்காத வட்டம். தூங்கிய பிறகுதான் அணைக்கணும். யூ.பி.எஸ். சிரிக்காத கப்பல்காரர். பழச மட்டும் கழட்டாத.

தானா எழுந்திரிக்கத் தெரியாதும்மா.

வாசல் கதவை மறந்தாள். குட்டியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கம்ப்யூட்டர் அறையில் தரையிலேயே கிடத்தினாள். அலமாரியைத் திறந்து டின்னை இழுத்தாள். இழுத்த கையை உடனே எடுத்துவிட்டாள். டின் சூடாக இருந்தது.

துணியைப் பிரித்தாள். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கை மாட்டினாள். பிளக் நிற்கவில்லை. கிளிப் இல்லாத பிளக், கையை எடுத்தால் நழுவியது. நூலால் கட்டலாம் என்றால் நூலைத் தேடப் போக வேண்டும். தரையில் மண்டியிட்டு, பெட்டிக்குள் இடது கையை விட்டு, கட்டைவிரலால் பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பட்டனை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் எழுந்தது. சத்தமே இல்லாமல், சொடுக்குப் போடுவதற்குள். புதியது, தானே, யாருடைய தயவும் இல்லாமல். நேற்று அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது. பழைய டிஸ்க் கட்டைவிரலுக்கடியில் அசையாமல் கிடந்தது. குட்டியும் கிடந்தாள்.

"ஐயோ, நீ இல்ல" என்றாள் சித்தி. "நீ இல்ல."

அணைத்தாள். மறுபடியும் போட்டு, நேற்றுக் கற்றுக்கொண்ட விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நீலத்திரை வந்தது. எது முதலில் எழ வேண்டும் என்று கேட்கிற பட்டியல். புதியது மேலே இருந்தது. பழையது கீழே. மேஜைமேல் இருந்த கீபோர்டைத் தரைக்கு இழுத்து, ஒற்றைக் கையால் பழையதை மேலே ஏற்றினாள். முதல் இடத்தில் வைத்தாள்.

"அக்கா" என்றாள். வாய்விட்டு அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "அக்கா, நீங்களே எழுப்புங்க. நான் கேக்க மாட்டேன். இனிமே நீங்களே எழுப்புங்க."

என்டரைத் தட்டினாள்.

கட்டைவிரலுக்கடியில் ஏதோ சுழலத் தொடங்கியது. நடுக்கம் மணிக்கட்டு வரை ஏறியது. ஈரத் தலைமுடி காய்கிற வாசம் அறையை நிறைத்தது.

டிக்.

குட்டியின் நெஞ்சு உயர்ந்தது. டிக். பெரிய மூச்சு. டிக். விரல்கள் விரிந்து, பெட்டியின் தகட்டைத் தேடிப் போய், உள்ளங்கை பதிந்தது. சித்தி அழுதாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. முகத்தைக் குட்டியின் முகத்துக்கு மேல் கொண்டுபோனாள். கண் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில்.

இமைகள் பிரிந்தன.

கண்கள் நேராக அவளைத்தான் பார்த்தன. அசையாமல், சாவகாசமாக, வீட்டுக்கு வந்த ஆளை மேலும் கீழும் பார்க்கிற மாதிரி. வெளிச்சம் சரியாக இருந்தது. சாய்வும் சரியாக இருந்தது. ஒட்டியது என்று பெற்றவளுக்கே தெரியாது.

சித்திக்குத் தெரிந்தது. இடது கண்ணின் வெள்ளையில் கடுகளவு ஒரு கரும்புள்ளி.

கத்தவேண்டும் போல இருந்தது. கட்டைவிரல் நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தாள்.

குட்டியின் உதடுகள் அசைந்தன. குட்டியின் குரல்தான். பேச்சு குட்டியுடையது இல்லை.

"கைய எடுத்துடாத தங்கச்சி," என்றது. "குட்டி இன்னும் எழுந்திரிக்கல."

தெருமுனையில் சைரன் கேட்டது. நெருங்கியது. நின்றது. வாசல் கதவைத் தட்டினார்கள். மணியை அழுத்தினார்கள். "யாரும்மா உள்ள? கதவத் திறங்க" என்றார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி ஹாலில் அக்காவின் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது.

டிக்.

கை மரத்துப்போயிருந்தது. தரையில் படுத்திருந்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு மூச்சு. முந்தையதைவிட இது தாமதமாக வந்தது. வெளியே யாரோ கதவில் தோளால் மோதினார்கள்.

டிக்.

கண்கள் பாதி மூடின. ஹாலில் இருக்கும் படத்துக்கு அவள் ஒட்டுவதற்கு முன்னால் இருந்தனவே, அந்த அளவுக்கு. உள்ளங்கை பெட்டியைவிட்டு இறங்கி, தரையில் ஊர்ந்து வந்து, சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சூடாக இருந்தது.

சித்தி அடுத்த டிக்குக்காகக் காத்திருந்தாள்.